கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வண்ண விளக்கு!

மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வீடு. தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒற்றை அறை வீடு என்று வைத்துக்கொள்ளலாம். தந்தைக்குப் போர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். மகன் கல்லூரியில் படிக்கிறான். படிப்புக்கு வேண்டும் என்று அவனுக்குத் தவணை முறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருக்கிறது.

மகனுக்கு ஓர் ஆசை. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரே இருட்டு. நண்பன் வீட்டுப் பெட்டிக்குள்ளோ சிவப்பும், நீலமும், பச்சையுமாக விளக்குகள் ஓடி ஓடி எரிகின்றன. பார்க்கத் திருவிழா போல இருக்கிறது.

"அப்பா, ஒரு விளக்குப் பட்டை மட்டும் வாங்கித் தாங்கப்பா" என்று கேட்கிறான்.

"அதுக்கு எதுக்குடா தனியாக் காசு? பரண் மேலே தீபாவளி சீரியல் செட்டு சும்மாத்தானே கிடக்கு. அதை எடுத்து உள்ளே சுத்திக்கோ" என்கிறார் தந்தை.

நாலு காசு மிச்சப்படுத்தச் சொன்ன யோசனைதான். ஆனால் அந்த யோசனைப்படி நடந்தால் தவணைப் பணமும் போகும். உயிரும் போகலாம்!

பக்கத்து வீட்டில் ஒரு ஒயர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் காதில் இது விழுந்தால் என்ன சொல்வார்?

"ஏலே தம்பி, அந்தச் சாமானைத் தொடாத. வெளியில சன்னல்ல கட்டுறதை இரும்புப் பெட்டிக்குள்ள திணிக்கலாமா? அண்ணாச்சி, நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றுதான் சொல்வார்.

ஏன் கூடாது? எது கூடும்? பெட்டிக்குள் விளக்கு வைப்பது எப்படி? இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

சாம்பல் நிறப் பெட்டி

1981-ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது ஆபீஸ் பீரோவைப் போல மங்கிய நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குப் பிறகு சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலான கம்ப்யூட்டர் பெட்டிகள் அதே தோற்றத்தில்தான் வந்தன. உள்ளே இருப்பதை யாரும் பார்க்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை.

1998-ல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் உடல் நீலப்பச்சை நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும்படியான பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டு இருந்தது. மக்கள் அதை ஆசையோடு வாங்கினார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்கள் தங்கள் இரும்புப் பெட்டிகளைத் தாங்களே அறுத்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டைப் பொருத்தத் தொடங்கினார்கள். சன்னல் வைத்த பிறகு உள்ளே வெளிச்சம் வேண்டாமா? விளக்கும் வந்தது.

முதலில் வந்தவை பென்சில் பருமனுள்ள சிறிய குழல் விளக்குகள். வீட்டு டியூப் லைட்டின் தம்பி என்று சொல்லலாம். அவை எரிய நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் தேவை. அதற்காகப் பெட்டியின் 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் ஒரு சிறு டப்பாவையும் கூடவே வைக்க வேண்டும். குழல் கண்ணாடியால் ஆனது. தட்டினால் உடையும். உள்ளே பாதரசமும் உண்டு.

இந்தத் தொல்லைகள் எல்லாம் எல்.இ.டி. விளக்கு மலிந்த பிறகு மறைந்து போயின.

நீல விளக்கின் கதை

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-ல் அமெரிக்காவின் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். பழைய கால்குலேட்டரில் சிவப்பாக எண்கள் மின்னியது பலருக்கு நினைவிருக்கும். அது இந்த வகைதான். பின்னர் மஞ்சளும் மங்கலான பச்சையும் வந்தன.

நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை ஒளியும் இல்லை, பல வண்ணக் கலவையும் இல்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஜப்பானியர்கள் மூவர். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா என்பது அவர்கள் பெயர். காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் கொண்டு அவர்கள் நீல ஒளியை வரவழைத்தார்கள். 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளியுலகுக்கு வந்தது. 2014-ல் மூவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவர்களில் நகமுரா அப்போது ஒரு கம்பெனியின் சம்பள ஊழியர். கண்டுபிடிப்புக்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 20 ஆயிரம் யென் என்று செய்தி வந்தது. ஒரு குடும்பத்தை ஓட்டலுக்கு அழைத்துப்போனால் தீர்ந்து போகும் தொகை அது! பின்னர் அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆயிற்று.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிடைத்துவிட்டால் மற்ற நிறங்களைக் கலந்துகொள்ளலாம். மூன்றையும் ஒரே கடுகளவு விளக்கில் அடக்கிவிட்டார்கள். ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் கூட்டிக் குறைக்க முடியும். ஆகவே 256-ஐ 256-ஆல் பெருக்கி, மீண்டும் 256-ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள்!

சீரியல் செட்டு ஏன் கூடாது?

கம்ப்யூட்டர் பெட்டியின் மூலையில் பவர் சப்ளை என்ற ஒரு சிறு இரும்புப் பெட்டி இருக்கிறது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் போகிறது. அங்கே 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைந்து வெளியே வருகிறது. பெட்டிக்குள் ஓடும் மற்ற ஒயர்கள் எல்லாவற்றிலும் இந்தக் குறைந்த மின்சாரம்தான் இருக்கும். விரல் பட்டாலும் ஷாக் அடிக்காது.

தீபாவளி சீரியல் செட்டு அப்படிப்பட்டது இல்லை. சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகுவது. ஒவ்வொரு பல்பிலும் எரிவது சில வோல்ட்தான் என்றாலும், ஒயரின் எந்த இடத்தில் உறை கிழிந்தாலும் அங்கே 230 வோல்ட் வரை வீட்டு மின்சாரம் நிற்கக்கூடும்.

கம்ப்யூட்டர் பெட்டியின் தகட்டு ஓரங்கள் பிளேடு போலக் கூர்மையானவை. மெல்லிய ஒயர் அதில் உரசினால் உறை கிழியும். கிழிந்த இடம் தகட்டைத் தொட்டால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். மதர்போர்டைத் தொட்டால் அந்தக் கணமே போர்டு கருகும்.

எர்த்து சரியாக உள்ள வீட்டில் பியூஸ் போய்விடும். எர்த்து இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? பெட்டியை யார் தொடுகிறாரோ அவர் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கும். சுவர் பிளக்கில் சொருகும் எந்த விளக்கையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கயிறு போல வரும் நீள விளக்குக்கும் இதே விதிதான்.

இரண்டு வகைப் பட்டை

கம்ப்யூட்டருக்கு என்றே விற்கும் எல்.இ.டி. பட்டைகள் உண்டு. அவற்றில் இரண்டு வகை. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். குணம் வேறு.

முதல் வகை 12 வோல்ட் பட்டை. கடைகளில் ஆர்.ஜி.பி. என்பார்கள். இதற்கு 4 ஒயர்கள். ஒன்றில் 12 வோல்ட் வரும். மற்ற மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு உரியவை. பட்டையில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில்தான் எரியும். நிறம் மாறினால் மொத்தமாக மாறும்.

இரண்டாவது வகை 5 வோல்ட் பட்டை. இதை ஏ.ஆர்.ஜி.பி. என்பார்கள். இதற்கு 3 ஒயர்கள். ஒன்று 5 வோல்ட், ஒன்று எதிர்முனை, நடுவில் உள்ளது கட்டளை ஒயர். இதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிறு சில்லு இருக்கிறது.

கட்டளை எப்படிப் போகிறது? பந்தியில் இலைக்கட்டு கைமாறுவது போலத்தான். முதலில் உட்கார்ந்தவர் தனக்கு ஓர் இலையை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளுகிறார். அடுத்தவரும் அப்படியே. அதுபோல முதல் விளக்கு தனக்குரிய நிறக் கட்டளையை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த விளக்குக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஒவ்வொரு விளக்கும் வேறு வேறு நிறத்தில் எரிகிறது. வானவில் ஓடுவது போலத் தோன்றுவதும் இதனால்தான்.

நடுவில் ஒரு விளக்கு கெட்டுப்போனால், பெரும்பாலும் அதற்கு அப்பால் உள்ளவையும் தாறுமாறாகிவிடும். கட்டளை ஒரே திசையில்தான் போகும் என்பதால் பட்டையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். தலைகீழாக இணைத்தால் எரியாது.

மூன்றா, நாலா?

பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

மதர்போர்டில் இந்த விளக்குகளுக்கு என்றே முள் வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட்டுக்கு 4 முள். 5 வோல்ட்டுக்கு 3 முள். நாலு முள் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளி விட்டிருப்பார்கள்.

5 வோல்ட் பட்டையை 12 வோல்ட் முள்ளில் மாட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் பட்டை கருகும். போர்டுக்கும் சேதம் வரலாம். நல்ல பிளக்குகளில் ஒரு துளையை அடைத்து வைத்திருப்பார்கள், தவறாக மாட்ட முடியாது. மலிவுச் சரக்கில் அந்த அடைப்பு இருக்காது. சிலர் 'போகவில்லையே' என்று பலவந்தமாக அழுத்துகிறார்கள். போகாவிட்டால் நிறுத்த வேண்டும். முள்ளை எண்ண வேண்டும்.

போர்டில் முள்ளுக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் என்று பொடி எழுத்தில் அச்சடித்து இருப்பார்கள். பிளக்கில் உள்ள அம்புக்குறியை அந்தப் பக்கமாக வைத்துச் சொருக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்து, போர்டுடன் வந்த புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டால் ஐயம் தீரும்.

பழைய போர்டு என்றால் இந்த முள்ளே இருக்காது. அதற்கும் வழி உண்டு. பவர் சப்ளையில் இருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் ஒயரில் மாட்டும் சிறு கட்டுப்பாட்டு டப்பா கடைகளில் கிடைக்கிறது. அதில் உள்ள பொத்தானை அமுக்கி நிறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஹார்டு டிஸ்க்குக்கு வரும் பழைய 4 முள் பிளக்கில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு ஒயர் 5 வோல்ட், கறுப்பு இரண்டும் எதிர்முனை. இந்த நிறங்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

சின்னக் கணக்கு

எத்தனை விளக்கு வைக்கலாம்? குமாஸ்தா வீட்டில் கணக்குக்குப் பஞ்சம் இல்லை.

மதர்போர்டின் 5 வோல்ட் முள் வழக்கமாகத் தாங்குவது 3 ஆம்பியர். புத்தகத்தில் குறைவாகப் போட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். ஒரு விளக்கு மூன்று நிறமும் சேர்ந்து முழு வெள்ளையாக எரியும்போது, உச்ச அளவாக 60 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீட்டருக்கு 60 விளக்குள்ள பட்டையில் ஒரு மீட்டர் நீளம் மாட்டினால் 60-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். 3,600 மில்லி ஆம்பியர், அதாவது 3.6 ஆம்பியர். தாங்காது! 30 சென்டிமீட்டர் பட்டையில் 18 விளக்கு. அதற்கு 1.08 ஆம்பியர்தான். இரண்டு பட்டை வைத்தாலும் 2.16 ஆம்பியர். தாராளமாகத் தாங்கும். சாதாரணப் பெட்டிக்கு இரண்டு பட்டையே அதிகம்.

மின்சாரச் செலவு? விளக்குகள் 10 வாட் எடுப்பதாகவும், நாளுக்கு 6 மணி நேரம் எரிவதாகவும் வைத்தால் மாதத்துக்கு 1.8 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்றால் 18 ரூபாய். ஒரு கட்டிங் டீக் காசு கூடக்குறைய!

மாட்டும் முறை

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் இருந்து பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்கக் கூடாது. பிடுங்கிய பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில விநாடி அமுக்கினால் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும்.

பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, மடித்த போர்வை மேல் படுக்க வைக்க வேண்டும். தரை ஓட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தக் கூடாது. இது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி. நடுவில் அடித்தாலும் தாங்கும். ஓரம் தரை ஓட்டில் பட்டால் ஒரே நொடியில் கல்கண்டு போலப் பொடியாகிவிடும்.

பிறகு பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட வேண்டும். உடலில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும்.

பட்டை ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். தூசி மேல் ஒட்டினால் சூட்டில் பசை விட்டுப் பட்டை தொங்கும். தொங்கும் பட்டை விசிறியில் சிக்கும். பெட்டியின் மேல் விளிம்பும், முன் விளிம்பும் ஒட்ட ஏற்ற இடங்கள். விளக்கு கண்ணைப் பார்க்காமல் உள்பக்கம் பார்த்திருந்தால் வெளிச்சம் இதமாகப் பரவும். காற்றுப் போகும் துளைகளை மறைக்கக் கூடாது.

பட்டையை வெட்ட வேண்டுமானால் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்ட வேண்டும். 12 வோல்ட் பட்டையில் மூன்று மூன்று விளக்காகத்தான் வெட்ட முடியும். வெட்டிய முனையில் செம்பு தெரியும். அதை இன்சுலேஷன் டேப்பால் மூடாவிட்டால் தகட்டில் பட்டு ஷார்ட் ஆகும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

தொட்டால் 'சுருக்'

பழைய சால் வீடுகளில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் 'சுருக்' என்று மெல்லக் கடிக்கும். அது பெட்டிக்கு எர்த்து கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். பிளக்கில் உள்ள தடித்த நீள முள்தான் எர்த்து. அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முள்ளில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விளக்குக்குச் செலவு செய்யும் முன், ஒரு ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வருகிறது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறதே, கோளாறோ? கோளாறு இல்லை. அணைத்த நிலையிலும் பவர் சப்ளை ஒரு 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். போர்டின் பயாஸ் அமைப்பில் இதை நிறுத்தலாம். சுவர் சுவிட்சை அணைத்தாலும் தீர்ந்தது.

எங்கே வாங்குவது?

மும்பையில் கம்ப்யூட்டர் உறுப்புகளுக்கு லாமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதன் இன்றைய பெயர். கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், சென்னையில் ரிச்சி தெரு. கிராபோர்டு மார்க்கெட் பக்கத்து லோகார் சாலில் கிடைக்கும் அலங்கார விளக்குகள் வீட்டு வாசலுக்கும் கோவிலுக்கும் ஏற்றவை. கம்ப்யூட்டருக்கு அங்கே போக வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மதர்போர்டின் பெயரையும், முள் இருக்கும் இடத்தைப் படம் எடுத்தும் கொண்டுபோவது நல்லது. "தீன் பின், பாஞ்ச் வோல்ட்" என்றோ, "சார் பின், பாரா வோல்ட்" என்றோ தெளிவாகக் கேட்டு, பில்லும் வாங்க வேண்டும்.

விளக்கால் கம்ப்யூட்டரின் வேகம் ஒரு துளியும் கூடாது. நினைவகம் கூட்டவோ, படிப்புக்குப் புத்தகம் வாங்கவோ பணம் தேவைப்பட்டால் விளக்கு காத்திருக்கலாம். அதை மகனிடம் தந்தை பக்குவமாகச் சொல்லலாம். வாங்கித் தருவது என்று முடிவு செய்துவிட்டால், இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து மாட்டலாம்.

ஒற்றை அறை வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் மகன் படித்துக்கொண்டிருப்பான். அப்போது நீலத்தைக் குறைத்து, மங்கலான மஞ்சளில் வைத்துவிட்டால் தாய் தங்கை தூக்கம் கெடாது. ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, எல்லா நிறத்தையும் ஓடவிட்டுக்கொள்ளலாம். சந்தனத்தைக் காற்றுத் துளையில் மட்டும் பூச வேண்டாம்!

பரண் மேல் உள்ள சீரியல் செட்டு அங்கேயே இருக்கட்டும். தீபாவளிக்கு அது சன்னலில் எரியும். பெட்டிக்குள் போகப்போவது 5 வோல்ட்டோ, 12 வோல்ட்டோ, சொருகுவதற்கு முன் முள்ளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். மீதி எட்டுத் தவணையையும் நிம்மதியாகக் கட்டலாம்.